பால் பொங்க வேண்டிய அடுப்பு

எனக்கு மூக்கு இருக்கிறது. மூக்குத்திகூட இருக்கிறது. வாசனைதான் இல்லை. இரண்டாவது அலையில் வந்த கொரோனா, போகும்போது என்னிடமிருந்து அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. "வந்துடும்மா, வெயிட் பண்ணுங்க" என்றார் டாக்டர். நான்கு வருடமாக வெயிட் பண்ணிக்கொண்டிருக்கிறேன். மல்லிகைப்பூவும் மீன் கழுவிய தண்ணீரும் எனக்கு ஒன்றுதான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. படப்பையில் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒருநாள் சாயங்காலம், பருப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் காற்று அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் வந்துகொண்டே இருக்கிறது, நான் அதன் நடுவில் நின்று ஜாலியாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன். வெளியிலிருந்து வந்த என் மாமியார் பாஞ்சாலி, வாசற்படியிலேயே நாற்றத்தைப் பிடித்துவிட்டார். ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு வளையல் உடைந்தது. வெண்டைக்காயை வதக்கலாம் என்று பக்கத்து பர்னரை நான் பற்ற வைத்திருந்தால் இதையெல்லாம் சொல்ல இன்று ஆள் இருந்திருக்காது.

அன்றோடு என் சமையல் முடிந்தது. "இனிமே நீ ஸ்டவ் பக்கம் வராத சசி. காய் நறுக்கு, மாவு அர, பாத்திரம் தேய். பத்த வெக்கிற வேல என்னுது" என்றார் அத்தை. சொன்னதோடு நிற்கவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று வெளியே போனால் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போவார். மண்டபத்தில் கண்ணாடியைத் தேடிக் கையை விட்டால் ரெகுலேட்டர் வெளியே வரும். பார்க்கிறவர்களிடம் "எங்க மருமவளுக்கு மூக்கு வேல செய்யாது, அதான்" என்று விளக்கம் வேறு. பயம்தான், பாசம்தான், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் முப்பத்தாறு வயதில் ஒரு டம்ளர் காபிக்கு, வெளியே போன இன்னொருவர் திரும்பி வரும்வரை காத்திருப்பது அசிங்கம். நாலு வருடமும் அசிங்கமாகத்தான் இருந்தது.

இத்தனைக்கும் என் பிழைப்பே சோதிப்பதுதான். ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன். வெளியிலிருந்து வரும் சரக்கைப் பார்த்து, இது உள்ளே போகலாம், இது போகக்கூடாது என்று சொல்கிற வேலை. நான் சிவப்பு டேக் கட்டிவிட்டால் அந்தப் பெட்டியை மேனேஜரே வந்தாலும் லைனுக்குள் நகர்த்த முடியாது. லாரி லாரியாகச் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவளுக்கு வீட்டில் ஒரு லைட்டரைத் தொட உரிமை இல்லை. வயிறு எரியுமா எரியாதா?

சேரப்பணஞ்சேரியில் நாங்கள் வாங்கிப் போட்ட மனையில் வீடு எழும்பி, சமையலறைக்கு மேடை கட்டும் கட்டம் வந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் நான் பேச்சை எடுத்தேன்.

"புது வூட்ல கேஸ் வேணாம். கரண்ட் அடுப்பு வாங்கிடலாம். இண்டக்சன். மேடையிலயே பதிக்கிற மாதிரி."

என் வீட்டுக்காரர் சுபாஷ் எதிலும் நடுவில் நிற்கிற ஆள். அவருக்கு மெஷின் ஷாப்பில் வேலை. "வாங்கலாம் சசி. கூடவே கேஸும் ஒண்ணு ஓரமா இருக்கட்டுமே. கரண்டு போனா இன்னா பண்ணுவ?" என்றார்.

"ஓரமா இருந்தாலும் கேஸ் கேஸ்தாங்க. அது இருக்கிற வரைக்கும் அத்த என்ன உள்ள விடமாட்டாங்க. கரண்டுக்குக் கணக்கு வெச்சிருக்கேன். நம்ம தெருவுல போன மாசம் மூணு வாட்டி போச்சு. மொத்தம் அம்பது நிமிசம். அம்பது நிமிசம் பசி தாங்க மாட்டீங்களா?"

அவர் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அத்தை குனியவில்லை. தட்டில் கையை வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"எரியாத அடுப்பு இன்னாடி அடுப்பு? கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்சணும். பால் பொங்கி வழியணும். இந்தக் கண்ணாடிப் பலகைல அது நடக்குமா?"

"நடக்கும் அத்த."

"நடந்தா சமையல்கட்டு உன்னுது. நான் உள்ள வந்து நிக்க மாட்டேன், ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். நடக்கல, அன்னிக்கே கேஸ் வந்துடும். அப்பால நீ இதப் பத்தி வாயத் தொறக்கக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். பாஞ்சாலி அத்தை வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான். அது எனக்கு நம்பிக்கையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பொங்கவில்லை என்றால் மிச்ச ஆயுளுக்கு நான் வெங்காயம் உரிக்கிறவள்தான்.

அடுத்த வார லீவில் தாம்பரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். சுபாஷை நான் கூப்பிடவில்லை. அவர் வந்தால் முதலில் காட்டுவதையே நல்லா இருக்கு என்பார். இரண்டு கட்டைப்பையில் வீட்டுப் பாத்திரங்களை அள்ளிப் போட்டுக்கொண்டேன். ஸ்டீல் குக்கர், ஸ்டீல் இட்லிப் பானை, அடி தடித்த கடாய், காபிக்கு வைக்கும் கையடக்கப் பாத்திரம். மேலாக ஆறு பால் பாக்கெட். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா "கடை வைக்கப் போறியாம்மா?" என்று கேட்டார். "கடையக் காலி பண்ணப் போறேன்" என்றேன்.

கடையில் என்னிடம் வந்தவர் ஜீவானந்தம் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தார். நல்ல பையன், முப்பதுக்குள் இருக்கும், சிரித்த முகம். நேராக ஒரு கறுப்புக் கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அப்படிப் பளபளத்தது. பட்டன் ஒன்றுகூட இல்லை. விரலை வைத்து இழுத்தால் சிவப்பு எண்கள் ஓடின.

"இதுதான் மேடம் இப்ப ஃபாஸ்ட் மூவிங். ஃபுல் டச். கம்ப்ளீட்டா ஸ்மூத்."

"ஈரக் கையில தொட்டா?"

"தொடச்சிட்டுத் தொடணும் மேடம்."

"சமையல்கட்டுல எந்நேரமும் கை ஈரமாத்தான் இருக்கும். சரி, அது கெடக்கட்டும். இதுல பால் பொங்கவிட்டுக் காட்டுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பையிலிருந்து பாத்திரத்தையும் பால் பாக்கெட்டையும் எடுத்து மேடைமேல் வைத்தேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"மேடம், இது டெமோ பீஸ். தண்ணி வெச்சுக் காட்டலாம். பாலெல்லாம்..."

"தம்பி, நான் வேல செய்யற எடத்துல ஒரு ஸ்குரூ வாங்கினாக்கூட முடுக்கிப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவேன். இது என் வீட்டு அடுப்பு. சிந்தினா நானே தொடச்சிட்டுப் போறேன்."

அன்று கடையில் வேறு ஆளே இல்லை. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். அவருக்கே பார்க்க ஆசை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கழுத்துவரை பாலை ஊற்றி முன்பக்க வட்டத்தில் வைத்தேன். நாலு நிமிடத்தில் பால் ஓரத்தில் நுரை கட்டியது, எழுந்தது, விளிம்பைத் தாண்டியது. இரண்டு விரல் அளவு வழிந்து அந்த டச் கோட்டைத் தொட்டதோ இல்லையோ, அடுப்பு கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. எழுந்த பால் அப்படியே உள்ளே உட்கார்ந்துவிட்டது.

"அது சேஃப்டி மேடம். ஏதாவது சிந்தினா தானா ஆஃப் ஆயிடும்" என்றார் பெருமையாக.

"எல்லா நாளுக்கும் சரி. எங்க கிரகப்பிரவேசத்துக்குச் சரியில்ல. பால் பொங்கறப்ப அடுப்பு கத்திட்டு அணைஞ்சா எங்க அத்த அதுக்கு ஏழு தலமொறைக்கு அர்த்தம் சொல்வாங்க."

"பின்னாடி வட்டத்துல வெச்சா டச்சுக்கு வராதே மேடம்."

"பால் எந்தப் பக்கம் வழியும்னு முன்கூட்டியே எழுதியா வாங்க முடியும்?"

யோசித்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். அடுத்ததற்குக் கூட்டிப் போனார். அதில் சின்னச் சின்னப் படங்கள் போட்டிருந்தது: இட்லி, சப்பாத்தி, பால் டம்ளர். டம்ளர் படத்தைத் தொட்டுக் காட்டி, "நீங்க கேட்டது இதுதான் மேடம். பாலுக்குன்னே தனி மோட். இதுல வெச்சீங்கன்னா பால் பொங்கவே பொங்காது. அதுதான் இதோட ஸ்பெஷலே" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடி கழித்து அவருக்கே விளங்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு அவர் விற்கிற ஆளாக இல்லை, என் கூட்டாளியாகிவிட்டார். கையில் துணியோடு ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்துக் காட்டினார். ஒன்றில் என் காபிப் பாத்திரத்தை வைத்தால் பாத்திரம் இருப்பதாகவே அது ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அடுப்புக்குச் சின்னப் பாத்திரம் கண்ணில் படாதாம். ஒரு டம்ளர் காபிக்காக நாலு வருடம் காத்திருந்தவளிடமா இந்தக் கதை? ரிஜெக்ட். இன்னொன்றில் இரண்டு வட்டத்தையும் சேர்ந்தாற்போல் ஓடவிட்டால், ஒன்று ஏற ஏற மற்றொன்று தானாக இறங்கியது. குழம்பு கொதிக்கும்போது சோறு அரைவேக்காட்டில் நிற்கும். அதுவும் ரிஜெக்ட்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மேடம். ஆனா யாரும் கேக்கறதில்ல" என்று மூலையில் அட்டை மூடியிருந்த ஒன்றை எடுத்தார். கண்ணாடி கறுப்புதான், ஆனால் பளபளப்பு குறைவு. முன்பக்கம் வலதோரத்தில் இரண்டு திருகு குமிழ். ஐந்து வருடம் பழசு மாதிரி இருந்தது. "குமிழ் வெச்சதெல்லாம் பழசுன்னு நெனச்சுக்கறாங்க" என்றார்.

எனக்கு அந்தக் குமிழைப் பார்த்ததுமே கை பரபரத்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், அவர் பதறினார். அடியில் ரப்பர் வளையம் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. நகத்தால் நெம்பினாலும் நகரவில்லை. தண்ணீர் இறங்க வழியில்லை. குமிழை மாட்டிவிட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக வைத்தேன். காபிப் பாத்திரத்தை ஒத்துக்கொண்டது. இரண்டு வட்டமும் சேர்ந்து ஓடியது, ஒன்றுக்கு ஒன்று விட்டுக்கொடுக்கவில்லை. ஈரக் கையால் திருகினேன், திரும்பியது. பாத்திரத்தைத் தூக்கினேன், நான் எதையும் தொடாமலே சூடு நின்றது.

தீ இல்லை, கேஸ் இல்லை. நான் முகர்ந்து கண்டுபிடிக்க வேண்டியது இதில் எதுவுமே இல்லை. என்னிடம் இல்லாத ஒன்றை என்னிடம் கேட்காத அடுப்பு. கடையில் அழக்கூடாது என்று பாலை எடுத்து ஊற்றினேன்.

பால் எழுந்தது. விளிம்பைத் தாண்டியது. கண்ணாடிமேல் விரிந்தது, குமிழைச் சுற்றி ஓடியது, மேடை ஓரத்திலிருந்து ஜீவானந்தத்தின் ஷூமேல் சொட்டியது. அடுப்பு கத்தவில்லை. உள்ளே பால் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது.

"பொங்குது மேடம்" என்றார் அவர், தன் வீட்டுப் பால் மாதிரி.

"இதக் கட்டுங்க" என்றேன். கட்டைப்பையிலிருந்து சாக்குத் துணியை எடுத்து, சொன்னபடி நானே துடைத்தேன். ஷூவையும் சேர்த்துத் துடைக்கப் போனேன், அவர் விடவில்லை.

புது வீட்டில் வயரிங் செய்தவர் வனமாமலை. நாங்குநேரிப் பக்கத்து ஆள், இங்கே வந்து பத்து வருடமாகியும் பேச்சு மட்டும் அங்கேயே இருக்கிறது. அடுப்பின் பெட்டியில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, "யக்கா, இதுக்கு மெயின் போர்டுலருந்து தனி வயரு இழுக்கணும், தனி டிரிப்பர் போடணும். மிக்சியோட சேத்துக் கொடுத்தா தாங்காது பாத்துக்கிடுங்க" என்றார். எந்தக் கனத்தில் வயர் என்று நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "நாள் முச்சூடும் வயரத்தான் பாக்கறேன்" என்றேன். அதன்பிறகு அவர் ஒவ்வொரு ஸ்குரூவையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் முடுக்கினார். கிரானைட்டில் வெட்டிய பள்ளத்தில் அடுப்பு சரியாக உட்கார்ந்தது. இரண்டு வட்டத்திலும் தண்ணீர் வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, வயரில் கை வைத்துப் பார்த்தோம். வெதுவெதுப்புகூட இல்லை. "இனி ஆயுசுக்கும் கவலையில்ல" என்றார் வனமாமலை.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தை ஒருமுறை வந்து பார்த்தார். கண்ணாடியைப் புறங்கையால் தொட்டார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

கிரகப்பிரவேசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறிலிருந்து ஏழரைக்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று குறித்துக் கொடுத்திருந்தார்கள். மணிமங்கலத்திலிருந்து என் தம்பி கார்முகில் தாய்வீட்டுச் சீரோடு வந்து இறங்கினான். எங்கள் பக்கத்தில் பால் பானை பெண் பிறந்த வீட்டிலிருந்துதான் வரும். மஞ்சள் துணியில் கட்டி, கழுத்தில் மஞ்சள் கொத்து சுற்றி, தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவருவார்கள். சாமி விளக்கின் முன்னால் வைத்து, நேரம் வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். அதற்கு முன் பிரித்துப் பார்ப்பது தப்பு.

பூஜை முடிந்தது. கூடமும் சமையலறை வாசலும் நிறைய ஆட்கள். எல்லோருக்கும் என் மூக்குக் கதை தெரியும், பந்தயமும் தெரியும். அத்தை என் பக்கத்தில் நின்று துணியின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே தகதகவென்று பித்தளைப் பானை.

பித்தளையில் காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை இந்த அடுப்பு பாத்திரமாகவே மதிக்காது. ஆறு பாக்கெட் பாலோடு தாம்பரம்வரை போய், வீட்டிலிருக்கிற பாத்திரம் அத்தனையையும் வைத்துப் பார்த்தவள், அன்றைக்கு வைக்கப்போகிற ஒரே பானையைப் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்றால், அதுவும் வேலைப் பழக்கம்தான். வருடக்கணக்கில் ஒரு குறைகூட வராத சப்ளையர் என்றால் அவர்கள் சரக்கை நாங்கள் பிரிப்பதில்லை. பச்சை டேக் போட்டு நேராக லைனுக்கு அனுப்பிவிடுவோம். என் அம்மா வீட்டை நான் அந்தப் பட்டியலில் போட்டுவிட்டேன். எந்தப் பானை வேண்டும் என்று ஒரு போன் பண்ணக்கூடத் தோன்றவில்லை. அம்மா காஞ்சிபுரம் போய் ஆசை ஆசையாய் எடுத்திருக்கிறாள்.

இருந்தாலும் பாலை ஊற்றி வைத்தேன். குமிழைத் திருப்பினேன். அடுப்பு இரண்டு முறை கூவிவிட்டு, எனக்கு இங்கே வேலையில்லை என்று கண் சிமிட்டியது.

"இன்னாச்சு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "பத்தலியா?" என்றது இன்னொன்று. கார்முகில் முகம் வெளிறி, "அக்கா, ஸ்டீல் குண்டான்ல ஊத்திடலாமா?" என்று காதோரம் கேட்டான். வாசலில் நின்ற பெரியம்மா ஒருத்தி அதைக் கேட்டுவிட்டாள். "சீர்ப் பானைய எறக்கிட்டு வேற வெக்கறதா? நல்லா கீதே கத."

அத்தை என் பக்கம் குனிந்தார். கிண்டல் பண்ணுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் குரல் மெதுவாக இருந்தது. "பின்கட்டுல சின்ன ஸ்டவ்வும் சிலிண்டரும் எடுத்து வெச்சிருக்கேன் சசி. எதுக்கும் இருக்கட்டுமேன்னு. கொண்டாரச் சொல்லட்டா? யாரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க."

கிண்டல் பண்ணியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த இரக்கம்தான் சுருக்கென்று தைத்தது. கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

"மணி இன்னா அத்த?"

"ஏழு அடிக்கப் போது."

"இருக்கட்டும். நேரம் கீது."

கம்பெனியில் ஒரு பொருள் மெஷினில் உட்காரவில்லை என்றால் பொருளையும் உடைக்க மாட்டோம், மெஷினையும் மாற்ற மாட்டோம். நடுவில் வைக்க ஒரு தட்டு செய்வோம். பித்தளையை அடுப்புக்குப் பிடிக்காது. இரும்பைப் பிடிக்கும். இரும்பு சூடானால் அதன்மேல் இருக்கும் பித்தளையும் சூடாகத்தான் வேண்டும். சாமான் மூட்டை ஒன்றைக் காலால் இழுத்துப் பிரித்து, எங்கள் பழைய தோசைக்கல்லை எடுத்தேன். கழுவித் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து அடுப்பின்மேல் போட்டேன். அதன்மேல் பானையைத் தூக்கி வைத்தேன். பானையின் அடி தட்டையாக இருந்தது. அம்மா புண்ணியம்.

குமிழை நடுவில் நிறுத்தினேன். முழுசாகத் திருப்பச் சொல்லிக் கை துடித்தது. திருப்பினால் கல் அளவுக்குமேல் காய்ந்து அடுப்பு தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். பிறகு மறுபடி கூவும், மறுபடி எல்லோரும் இன்னாச்சு என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடுவிலேயே விட்டேன்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பால் சும்மா கிடந்தது. பின்னால் குசுகுசுப்பு ஏறியது. சுபாஷ் மணியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். திடீரென்று எல்லோரும் முந்தானையால் மூக்கை மூடினார்கள்.

"இன்னாங்க?" என்று கேட்டேன்.

"தோசக்கல்லு எண்ண தீயுது சசி. நாத்தம் தாங்கல" என்றார் சுபாஷ்.

"தீயட்டும். கல்லு சூடாவுதுன்னு அர்த்தம்" என்றேன். கூடம் முழுக்க இருமியது. நான் ஒருத்திதான் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பானைமேல் குனிந்து நின்றேன். அந்த வீட்டில் அந்த நேரத்தில் அந்த அடுப்பின் முன்னால் நிற்க என்னைவிடத் தோதான ஆள் வேறு யாருமில்லை.

ஏழு இருபது. பானையின் ஓரத்தில் முத்து முத்தாகக் கட்டியது. அதை முதலில் பார்த்தது நான் இல்லை, அத்தை. முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு என் தோளைப் பிடித்தார். "ஓரம் கட்டுது பாரு. கொஞ்சூண்டு ஏத்து" என்றார். அவர் வாயாலேயே. குமிழை ஒரு புள்ளி ஏற்றினேன்.

பால் உப்பியது. மஞ்சள் கொத்தின் கீழே வெள்ளையாக ஒரு குடை எழுந்து, ஒரு நொடி யோசித்து, நாலு பக்கமும் இறங்கியது. காய்ந்த கல்லில் பட்டுச் சுரீரென்று புகை கிளம்பியது. கண்ணாடியில் ஓடி, குமிழை நனைத்து, மேடையைத் தாண்டிக் கிழக்குப் பக்கமாகத் தரையில் வழிந்தது. அடுப்பு மூச்சு விடவில்லை. பால் பொங்கிக்கொண்டே இருந்தது. பெண்கள் குலவை இட்டார்கள், நடுநடுவே இருமினார்கள். கார்முகில் கண்ணைத் துடைத்தான். புகை என்று பிறகு சொன்னான்.

"போதும்டி, கொற. வூடெல்லாம் பாலாப் போவுது" என்றார் அத்தை. பாலில் நனைந்த குமிழை ஈரக் கையால் திருப்பினேன். அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். ஜெயித்தேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். மூக்கை மூடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

டிபன் சாப்பிட்டு எல்லோரும் கிளம்ப மதியம் ஆகிவிட்டது. மேடையையும் கல்லையும் தேய்த்து முடித்தேன். அத்தை சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"மத்தியானத்துக்குச் சோறும் ரசமும் வெச்சுடு. ஒடம்பு அலுப்பா கீது, செத்த சாயறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புளியைக் கரைத்தேன். தக்காளியைப் பிசைந்தேன். குக்கரை ஒரு வட்டத்திலும் ரசத்தை இன்னொன்றிலும் வைத்துத் திருப்பினேன். உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்க யாருமில்லை. அப்போது கூடத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் என்னவென்று புரியவில்லை. எட்டிப் பார்த்தேன்.

அத்தை பாயில் ஒருக்களித்துப் படுத்து, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நாலு வருடத்தில் நான் சமையலறைக்குள் நிற்கும்போது அவர் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. வாசற்படியில் சாய்ந்துகொண்டு, என் கையையும் சிலிண்டரையும் மாறி மாறிப் பார்த்தபடிதான் நிற்பார்.

சுபாஷ் வெளியிலிருந்து வந்தார். "அம்மா இந்நேரத்துக்குத் தூங்க மாட்டாங்களே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று எழுப்பக் குனிந்தார்.

"தொடாதீங்க" என்றேன். "தூங்கட்டும். அடுப்பண்ட நான் கீறேன்."